மெங் சித்தி கொடுத்த இரண்டாவது தாள்

இங்கே கொரியாவில் டென்னிஸ் ஆடும் பெண்கள் மெங் யோங்ஜாவை நேரில் பார்த்தால் "சித்தி" என்று கூப்பிடுவார்கள். அவர் தலை மறைந்ததும் அதற்கு முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணுக்கு சித்தி வந்திருக்காங்கடி, இன்னிக்கு யாரு மாட்டப்போறாங்களோ." இது மெங்குக்கும் தெரியும். ஒருமுறை ஓய்வறை வாசலில் காதில் விழுந்தபோது, "பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறுபத்து மூன்று வயது. குட்டையான உருவம், வெயிலுக்கு அகலத் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. ஆட்டம் முடிந்து இருவரும் கைகுலுக்கி முடிப்பதற்குள் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்பார். தோற்றவள் அழுதுகொண்டு வந்தாலும், வென்றவள் குதித்துக்கொண்டு வந்தாலும் ஒரே குரலில் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு ஊக்கமருந்துச் சோதனை இருக்கிறது, இந்த நிமிடத்திலிருந்து என் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பெண் எங்கே போனாலும் மெங்கும் போவார். பயிற்சியாளரிடம் திட்டு வாங்கும்போது பக்கத்தில் நிற்பார். காலில் ஐஸ் கட்டும்போது எதிரே உட்கார்ந்திருப்பார். கடைசியில் கழிப்பறைக்குள்ளும் போவார். சிறுநீர் உடம்பிலிருந்து பாட்டிலுக்கு வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. தொண்ணூறு மில்லிலிட்டர். அதற்குக் குறைந்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். அதிகமாகத் தண்ணீர் குடித்து நீர்த்துப்போயிருந்தாலும் மறுபடி.

இந்த வேலைக்கு நன்றி சொல்ல ஆள் கிடையாது. பல வருடங்களாக டென்னிஸ் செய்தி எழுதுகிற எங்களுக்கே அவர் பெயர் தெரியாமல்தான் இருந்தது.

அதற்கு முன் முப்பத்தோரு வருடம் அவர் ஒரு சிறிய ஊரின் அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். தடுப்பூசி, காசநோய் மாத்திரை, வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம். ஓய்வு பெற்று நாலு மாதம் வீட்டில் இருந்து பார்த்தார். கணவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அடுக்குமாடி பால்கனியில் மிளகாய்ச் செடி வளர்க்கிறார். "ரெண்டு பேரும் ஒரே மிளகாயைப் பார்த்துக்கிட்டு இருந்தா சண்டைதான் வரும்" என்று சொல்லி மெங் ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டார். ஊசி பிடித்த கை இப்போது பாட்டில் பிடிக்கிறது என்று கணவர் இன்றும் கேலி செய்கிறார்.

சுகாதார நிலையக் காலத்து விஷயம் ஒன்றை மட்டும் அவர் கேலியாகப் பேசமாட்டார். காசநோய்க்கு மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்த ஒரு டிராக்டர் மெக்கானிக். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மெங் கேட்டார். இல்லை என்றார் அவர். மெங் படிவத்தில் "இல்லை" என்று எழுதினார். ஏழு வாரம் கழித்து அந்த மனிதர் கண் மஞ்சளாகி வந்து விழுந்தார். மூன்று மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். அவர் மனைவி தினமும் காலையில் மூலிகை காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள், உடம்பு தேறட்டும் என்று. மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து ஈரலைத் தின்றுவிட்டன.

"அவரு பொய் சொல்லல. பொண்டாட்டி கொடுக்கிறது யாருக்காவது மருந்துன்னு தோணுமா? நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றார் மெங்.

அன்றிலிருந்து படிவத்தில் "இல்லை" என்று எழுதுவதற்கு அவர் கை லேசில் வராது.

போன மே மாதக் கடைசியில் அன்டோங்கில் ஒரு சிறிய சர்வதேசப் போட்டி. காலிறுதியில் பியோ நாரே ஆடினாள். இருபத்தேழு வயது, உலகத் தரவரிசையில் நானூறுக்குச் சற்றுக் கீழே. தெற்கே ஒரு நகராட்சி அணியின் ஆட்டக்காரி. நகராட்சி சம்பளம் கொடுக்கிறது, அவள் அந்த ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடுகிறாள், ஒவ்வொரு நவம்பரிலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் அல்லது படாது. எப்போதும் கோபம் மூக்கு நுனியில். ராக்கெட்டை உடைத்ததற்காக இரண்டு முறை அபராதம் கட்டியவள். ஆனால் கால் ஓயாமல் ஓடும். அவளை எதிர்த்து ஆடுவதற்கு யாருக்கும் பிடிக்காது.

அன்று பதினோரு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் இரண்டே கால் வரை இழுத்தது. மூன்றாவது செட்டில் ஐந்துக்கு மூன்று என்று முன்னணியில் இருந்து தோற்றாள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் எதிரே அகலத் தொப்பி.

உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போயிருந்தது. மூன்று மணிக்கு வரவில்லை. நாலு மணிக்கு வந்தது, நாற்பது மில்லிலிட்டர். ஐந்து மணிக்கு வந்தது நீர்த்திருந்தது. நாலரைக்கு அவள் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தின் கீழே நாற்காலியில் நாரே, எதிர் நாற்காலியில் மெங், நடுவில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள். மெங் ஒரு பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். அது நாரேயை இன்னும் எரிச்சலூட்டியது.

ஆறு மணிக்குச் சற்று முன் ஒருவழியாக வேலை முடிந்தது. பாட்டில்களுக்கு முத்திரை வைத்தார்கள். இனிப் படிவம் மட்டும்தான். கடைசி ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்து, சத்து மாத்திரை, மற்றவை.

நாரே, வைட்டமின் ஒன்றும் வலி மாத்திரை ஒன்றும் சொன்னாள். மெங் பேனாவை நீட்டினார். எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"வேற?" என்றார் மெங்.

"இல்ல."

"டீ, கஷாயம், பொடி, வீட்ல யாராவது அனுப்பினது?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"அந்த பிளாஸ்க்ல என்ன இருக்கு?"

நாரேயின் பையில் நீல பிளாஸ்க் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், மெங்கைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை அவளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள், அன்று சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் எழுதணுமா சித்தி? நான் தின்ன சோத்தையும் எழுதணுமா? எழுதறேன் பாருங்க. கொடுங்க."

பேனாவைப் பிடுங்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். கிம்பாப் சோற்றுச் சுருள் இரண்டு. வாழைப்பழம் மூன்று. உப்பில் ஊறிய கானாங்கெளுத்தி, விடுதிக்காரி பொரித்தது. சிவப்புப் பயறு பன் பாதி, மீதிப் பாதி கீழே விழுந்தது. இருமல் மிட்டாய். இஞ்சிப் பாகு. முழங்கால் பிளாஸ்டர். இடம் நிரம்பிவிட்டது. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்து நிமிர்ந்தாள். மெங் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இணைப்புத் தாள் ஒன்றை எடுத்து, மேலே எண் போட்டு, அவள் முன்னால் வைத்தார்.

அதிலும் எழுதினாள். பதினாலாவது வரி: "தாமரை விதைக்குள் இருக்கும் பச்சைக் குருத்தில் போட்ட டீ. அம்மா அனுப்பியது. தூக்கம் வர. தினமும் ஒரு பிளாஸ்க், ஐந்து நாள். புயோ சந்தை, மூன்றாவது வரிசை, வழுக்கைத் தலைக்காரரிடம் வாங்கியது. அவர் தலை நன்றாகப் பளபளக்கும்." பத்தொன்பதாவது வரி: "என் சொந்தக் கண்ணீர், அளவு தெரியவில்லை."

மெங் பத்தொன்பது வரிகளையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். கண்ணீரையும் சேர்த்து. கையெழுத்து வாங்கினார். நாரேயின் பிரதியைக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்றார். நாரே அதைக் கசக்கிக் கடைசி பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு, அம்மாவின் ஊரான புயோ வரும்வரை அந்தச் சித்தியை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனாள்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி கடிதம் வந்தது. அவள் மாதிரியில் ஹிஜெனமைன் என்ற பொருள் இருக்கிறது, போட்டி நாளிலும் மற்ற நாளிலும் தடைசெய்யப்பட்டது, இரண்டு வருடம் வரை தடை விதிக்கப்படலாம். நாரே அந்தப் பெயரை இணையத்தில் எழுத்துக் கூட்டித் தேடினாள். முதல் பக்கத்தில் எடை குறைக்கும் மாத்திரைகள் வந்தன. அவள் அப்படி எதையும் தொட்டதில்லை. யார் பாட்டிலோ மாறிவிட்டது, எல்லாம் அந்தச் சித்தி செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தாள்.

விசாரணை முடியும்வரை தானாகவே ஒதுங்கிக்கொண்டால் அந்த நாட்கள் பின்னால் தடைக்காலத்தில் கழிக்கப்படும் என்றார்கள். ஒதுங்கினாள். ஒதுங்குவது என்றால் அணியோடு பயிற்சி கிடையாது, அணி விடுதியில் படுக்கை கிடையாது. பயிற்சியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் போனில் அவர் குரல் மாறிவிட்டது. இரண்டு வருடம் என்றால் அவளுக்கு இருபத்தொன்பது. நகராட்சி அவ்வளவு நாள் காத்திருக்காது. வேறெந்த அணியும் அந்தப் பெயரை வாங்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு புயோவுக்கு, அம்மாவின் வீட்டுக்குப் போனாள்.

அவள் அம்மா சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கிறார். வறுத்த நெத்திலி, சோயாவில் வேகவைத்த தாமரைத் தண்டு, எள் இலை ஊறுகாய். அப்பா இல்லை. பெண் எட்டு வயதில் ராக்கெட் பிடித்த நாளிலிருந்து, அவளை எந்த ஊர்ப் போட்டிக்கு அனுப்பினாலும் பையில் ஏதாவது காய்ச்சிய திரவம் இல்லாமல் அனுப்பியதில்லை. இந்த ஊரில் எந்த அம்மாவும் அது இல்லாமல் அனுப்பமாட்டாள். அதில் எது உணவு, எது பானம், எது மருந்து என்று அடுப்படியில் யாரும் கோடு கிழித்து வைப்பதில்லை. தோற்ற ஆட்டத்தை நினைத்துத் தூங்காமல் புரள்கிற பெண்ணின் நெஞ்சுச் சூடு தணியட்டும் என்று தாமரைக் குருத்தை வாங்கி அனுப்பினார். கசக்கும், ஆனால் தூக்கம் வரும்.

அந்தப் பொருள் தாமரைக் குருத்தில் இயற்கையாகவே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது வழக்கறிஞர் யோம். வார இறுதிகளில் மோசமாக டென்னிஸ் ஆடுகிறவர், பயிற்சியாளரின் நண்பர். படிவத்தின் நகலை வரவழைத்துப் படித்தவர், வாழைப்பழத்தில் சிரித்து, பன்னில் சிரித்து, பதினாலாவது வரியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உடனே போன் செய்து, அந்த டீ மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

நாரே ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலியில் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

கடிதம் வந்த மறுநாளே அவர் வீட்டில் இருந்த எல்லா டப்பாக்களையும் கழுவிக் கவிழ்த்திருந்தார். இஞ்சி, இலந்தை, தாமரை, எல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டன. காரணம் தெரிந்து செய்யவில்லை. போலீஸ் வீட்டுக்கு வந்து பார்த்தால் பெண்ணுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற பயம், அவ்வளவுதான். பெண்ணைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தன் கையாலேயே ஊற்றிவிட்டோம் என்று புரிந்தபோது அவர் அழவில்லை. எழுந்து போய் அந்தக் காலி டப்பாவை எடுத்து வந்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது.

"அம்மா, விடும்மா. நான்தானே குடிச்சேன்" என்றாளாம் நாரே. தன் வாழ்க்கையில் கோபப்படாமல் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும் என்கிறாள்.

யோம் சோர்ந்துபோகவில்லை. படிவத்தில் கடை விலாசம் இருந்ததே. மறுநாள் அவரும் நாரேயும் சந்தையில் மூன்றாவது வரிசைக்குப் போனார்கள். வழுக்கைத் தலைக்காரர் இருந்தார். பெயர் பலகை இல்லாத கடை. எழுதிய அடையாளம்தான் அடையாளம். தாமரைக் குருத்து ஒரே மூட்டை, மார்ச்சில் பிரித்தது, கால்வாசி இன்னும் இருந்தது. கோடையில் அதை யார் வாங்குகிறார்கள் என்று அலுத்துக்கொண்டே ஒரு பை நிறைய அள்ளி, தன் கண் முன்னாலேயே அதற்கு முத்திரை போடச் சம்மதித்தார். எதற்கு என்று தெரிந்தபின் காசு வாங்க மறுத்துவிட்டார். தன் தலையைப் பற்றி எழுதியிருந்ததை யோம் அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வகம் அந்தக் குருத்தில் அதே பொருளைக் கண்டது. ஐந்து நாள், தினம் ஒரு பிளாஸ்க் என்ற கணக்கும் சிறுநீரில் இருந்த அளவும் ஒத்துப்போயின.

செப்டம்பர் நடுவில் வீடியோ வழியாக விசாரணை நடந்தது. மெங்கும் சாட்சி. அவர் எந்தப் பக்கத்துக்கும் ஆள் இல்லை. படிவம் தன் முன்னால்தான் எழுதப்பட்டது, பின்னால் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மெங் இந்த வழக்கைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. தீர்ப்பு வெளியான பிறகு நாரேயும் யோமும் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

விசாரணைக் குழுவில் ஒருவர் கேட்டாராம்: ஆட்டக்காரி உங்களைக் கிண்டல் செய்ய எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தெரியவில்லையா, ஏன் நிறுத்தவில்லை, இன்னொரு தாள் வேறு ஏன் கொடுத்தீர்கள்?

"தெரிஞ்சுதுங்க" என்றார் மெங். "கோவத்துல எழுதறவங்க ஒண்ணையும் மறைக்க மாட்டாங்க. அமைதியா இருக்கிறவங்கதான் 'இல்ல'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதனால எழுதட்டும்னு விட்டேன்."

குழு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டது.

தீர்ப்பு நீளமானது. உடம்புக்குள் போகிற எல்லாவற்றுக்கும் ஆட்டக்காரியே பொறுப்பு, தொழில்முறை வீராங்கனை மூலிகைப் பானத்தை விசாரித்திருக்க வேண்டும் என்று சொன்னது. அது நியாயம்தான், நாரே அதை மறுக்கவில்லை. ஆனால் ஏமாற்றும் எண்ணம் இல்லை. மறைக்க நினைத்தவள் கடைக்காரரின் தலை வரைக்கும் எழுதமாட்டாள் என்பதைச் சட்டமொழியில் ஒரு பத்தி சொன்னது. மூன்று மாதத் தடை. ஜூன் இருபத்தெட்டிலிருந்து கணக்கு. அன்டோங்கில் வாங்கிய புள்ளிகளும் பரிசும் போயின. அவளுக்குப் பாக்கி இருந்தது பதினோரு நாள்.

அக்டோபர் இரண்டாவது வாரம் சாங்வோனில் தகுதிச் சுற்று. நாரேயின் முதல் ஆட்டம் காலை பத்து மணிக்கு. அம்மா கடையை மூடிவிட்டு முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் துணி சுற்றிய நாலடுக்குப் பெட்டி. நாரேக்கு அல்ல. அவள் இப்போது விடுதிச் சாப்பாடும் குழாய்த் தண்ணீரும் மட்டும்தான்; பிளாஸ்க்கை அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். பெட்டி மெங்குக்கு.

சோதனை அறை வாசலில் மெங்கைப் பார்த்ததும் அம்மா பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். மெங் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆட்டக்காரிகள் தரப்பிலிருந்து ஒரு மிட்டாய்கூட வாங்கக்கூடாது என்பது விதி என்றார். அப்படியானால் வெளியே வைத்துவிட்டுப் போகிறேன், யார் வைத்தது என்று தெரியாது என்றார் அம்மா. எனக்குத் தெரியுமே என்றார் மெங். கொஞ்ச நேரம் அந்தப் பெட்டி இருவருக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

அம்மா பெட்டியைத் தரையில் வைத்தார். நிமிரவில்லை, அப்படியே இடுப்பு வரை குனிந்து நின்றார்.

"என் கையாலயே என் பொண்ணைக் கெடுக்கப் பார்த்தேன். நீங்க காப்பாத்திட்டீங்க" என்றார் குனிந்தபடியே.

மெங்கும் குனிந்தார். வயதில் மூத்தவர் அவ்வளவு தூரம் குனிய வேண்டியதில்லை.

"நான் காப்பாத்தலைம்மா. உங்க பொண்ணு கோவக்காரி. அந்தக் கோவத்துக்குச் சொல்லுங்க நன்றியை. அப்புறம், நீங்களும் கெடுக்கல. தூங்காம இருந்த புள்ளைக்கு டீ போட்டீங்க. அதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. என்ன போடறோம்னு ஒரு போன் பண்ணிக் கேட்டுக்குங்க, இனிமே."

கேட்க வேண்டிய ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகத்தின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அது எல்லோருக்கும் கொடுக்கிற எண். அம்மா அதை மடித்துக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டார். ஒலிபெருக்கியில் நாரேயின் பெயர் வந்தது. மெங் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எதிர்ப் பக்கம் போய்விட்டார். அன்று அவருக்கு வேறொரு மைதானத்தில் வேலை, யாருக்கும் கைதட்டவும் கூடாது.

நாரே ஆறுக்கு நாலு, ஏழுக்கு ஐந்து என்று தோற்றாள். மூன்று மாதம் சுவரில் அடித்துப் பழகிய சர்வீஸ், கோட்டுக்குள் விழ மறுத்தது. ஆட்டம் முடிந்து வந்தவள் ராக்கெட்டை உடைக்கவில்லை; பையில் வைத்து ஜிப் போட்டாள். அடுத்த வாரம் வேறொரு ஊரில் போட்டி இருப்பதாகவும் அதற்குப் பெயர் கொடுத்தாகிவிட்டதாகவும் என்னிடம் சொன்னாள். நவம்பரில் ஒப்பந்தம் என்னாகும் என்று அவளுக்குத் தெரியாது. பயிற்சியாளர் குரல் மட்டும் பழையபடி ஆகியிருந்தது.

பார்வையாளர் படிக்கட்டில் அம்மா அடுக்குப் பெட்டியைப் பிரித்து, அந்தப் பக்கம் இருந்த எல்லோர் கையிலும் சாப்பிடும் குச்சிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு செய்தியாளர்கள், ஒரு பந்து பொறுக்கும் பெண், நாரேயைத் தோற்கடித்தவளின் அப்பா. நெத்திலி நன்றாக இருந்தது. முதல் ஆட்டமே இப்படி ஆகிவிட்டதே என்று அந்த அப்பா சங்கடத்தோடு ஏதோ சொல்ல வந்தார்.

"தோக்கறதுக்காவது ஒரு ஆட்டம் கிடைச்சுதேங்க" என்று அம்மா அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தாமரைத் தண்டை வைத்தார்.